பொறுமை தலைமடையில் தொடங்கட்டும்

2018 நவம்பர் 16 அதிகாலையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. காவிரிப் படுகையின் கடைமடை ஊர்கள் ஓரிரவில் நிலைகுலைந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் ஒரு தலைமுறை பாடுபட்டு வளர்த்த தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. கூரையை இழந்தவர்களும், மின்சாரமின்றிப் பல நாள்கள் இருளில் கிடந்தவர்களும் ஏராளம். அந்நாள்களில் மாநிலத்தின் பல பகுதிகளிலிருந்தும் அரிசி, தார்ப்பாய், குடிநீர், மெழுகுவத்தி ஆகியவற்றை ஏற்றிய வண்டிகள் படுகையின் கிழக்கு எல்லை நோக்கி விரைந்தன. நம் ஜமாஅத்துகளும் சமுதாய அமைப்புகளும் அப்பணியில் முன்னின்றன. சாதி மதம் பாராமல் பசித்தவருக்கு உணவளித்த அந்த நாள்களைச் சமுதாயம் பெருமையுடன் நினைவுகூர்வது நியாயமே.

ஆயினும் இத்தகைய பணிகளில் பங்கேற்றவர்களுக்கு இன்னொரு செய்தியும் தெரியும். வெள்ளம் வடிந்த பின்னும் வடியாத மனக்கசப்புகள் உண்டு. எந்த ஊருக்கு முதலில் செல்வது, வண்டியில் யாருடைய பதாகையைக் கட்டுவது, பணப்பை யார் கையில் இருப்பது என்பவை பற்றியெல்லாம் வாக்குவாதம் எழுகிறது. இரவு முழுவதும் மூட்டை சுமந்த இளைஞர், ஒரு சிறு தவறுக்காகப் பலர் முன்னிலையில் கடிந்துகொள்ளப்படுகிறார். செலவுக்கு ரசீது கேட்டவரிடம், எங்களைச் சந்தேகிக்கிறாயா என்று கேட்கப்படுகிறது. அவர் பதில் பேசாமல் வீடு திரும்புகிறார். அடுத்த பணிக்கு அழைப்பு வரும்போது ஏதோ காரணம் சொல்லி ஒதுங்கிக்கொள்கிறார். அவர் ஏன் வரவில்லை என்று எவரும் கேட்பதில்லை. கேட்டாலும், அல்லாஹ்வுக்காகச் செய்த பணியில் இதையெல்லாம் பெரிதுபடுத்தலாமா, கொஞ்சம் ஸப்ர் செய்யக் கூடாதா என்ற அறிவுரையோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்த அறிவுரையைப் பற்றியதே இக்கட்டுரை. பொறுமை ஈமானின் அணிகலன் என்பதில் ஐயமில்லை. ஆனால் நம் தொண்டுக் குழுக்களில் பொறுமை யாரிடம் கேட்கப்படுகிறது? பெரும்பாலும் கீழே இருப்பவரிடம்தான். தலைவர் கோபப்பட்டால் அது அவருடைய சுமையின் விளைவு. தொண்டர் கோபப்பட்டால் அது இஃக்லாஸ் இல்லாமையின் அடையாளம். இந்த அளவுகோல் மார்க்கம் நமக்குத் தந்ததன்று.

வாய்க்கால் தகராறு கற்பிக்கும் பாடம்

பூதலூர் வட்டாரத்தில் வாழ்பவர்களுக்குத் தலைமடை, கடைமடை என்ற சொற்களை விளக்கத் தேவையில்லை. கல்லணை நம் வட்டத்தில், தோகூரை ஒட்டியே அமைந்திருக்கிறது. மேட்டூரிலிருந்து வரும் நீர் அங்கேதான் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிகிறது. மிகுந்தது கொள்ளிடத்தில் இறங்குகிறது. தலைமடையில் இருப்பவர் மதகைத் திறந்தபடியே விட்டால், கடைமடையில் இருப்பவரின் நாற்று கருகும். தண்ணீர் ஒன்றுதான், யாருடைய கை மடையில் இருக்கிறது என்பதே வேறுபாடு.

இதே போன்றதொரு தகராறு மதீனாவிலும் எழுந்தது. ஹர்ரா எனும் கற்பூமியிலிருந்து ஓடிவந்த வாய்க்காலின் நீரைக் குறித்து, சுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்சாரித் தோழர் ஒருவருக்கும் பிணக்கு ஏற்பட்டது. சுபைரின் தோப்பு மேலே இருந்தது. அன்சாரியின் தோப்பு கீழே இருந்தது. நீரைத் தேக்காமல் விட்டுவிடும்படி அன்சாரி கேட்டார், சுபைர் இணங்கவில்லை. வழக்கு நபி (ஸல்) அவர்களிடம் வந்தது. சுபைர் தம் தோப்புக்குப் பாய்ச்சிக்கொண்டு, பின்னர் அண்டையவருக்கு நீரை விட்டுவிட வேண்டும் என நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அன்சாரிக்கு அது போதவில்லை. சுபைர் தங்கள் அத்தை மகன் என்பதால் இவ்வாறு கூறுகிறீர்களா என்று கேட்டுவிட்டார். நபியவர்களின் முகம் நிறம் மாறியது. அதன் பிறகே, தோப்பின் வரப்பை எட்டும்வரை நீரைத் தேக்கிக்கொள்ளும் முழு உரிமையையும் சுபைருக்கு அளித்துத் தீர்ப்பு வழங்கினார்கள். ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ள நிகழ்ச்சி இது.

இந்நிகழ்ச்சியில் நம் குழுக்களுக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, சமாதானத்துக்கான முதல் முயற்சியில் விட்டுக்கொடுக்கும்படி கேட்கப்பட்டவர் யார் என்பது. மேலே இருந்தவர்தான், மடை யாருடைய கையில் இருந்ததோ அவர்தான். அவருக்கு உரிமை முழுமையாக இருந்தும், அதில் ஒரு பகுதியைத் தளர்த்தும்படி அவரிடமே கேட்கப்பட்டது. கீழே இருந்தவரிடம், நீர் வரும்வரை பொறுமையாக இரு என்று சொல்லப்படவில்லை.

இரண்டாவது, சமாதானமும் தீர்ப்பும் வேறுவேறு என்பது. சமாதானம் கைகூடாதபோது, பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு இருவரையும் அனுப்பிவிடவில்லை. யாருக்கு என்ன உரிமை என்பது ஐயத்துக்கு இடமின்றி அறிவிக்கப்பட்டது. நாமோ இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். சமாதானம் என்ற பெயரில் உரிமையை மறுக்கிறோம்; உரிமையைக் கேட்டவரைச் சமாதானத்துக்கு எதிரானவர் என்கிறோம்.

களத்தில் எழுந்த பிணக்குகள்

அணியாகப் பணிபுரிவோருக்கிடையே கருத்து மோதல் எழுவதை இறைநம்பிக்கையின் குறைபாடாகக் கருதுவது தவறு. ஸஹாபாக்களிடையேயும் அது எழுந்தது. அதை அவர்கள் எவ்வாறு கடந்தார்கள் என்பதே நாம் பார்க்க வேண்டியது.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் தாத்துஸ் ஸலாஸில் படைப்பயணத்துக்கு அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) தலைமையேற்றார். அவர் இஸ்லாத்தை ஏற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. அவர் உதவி கேட்டபோது, மூத்த முஹாஜிர்களைக் கொண்ட துணைப்படை ஒன்று அபூஉபைதா (ரலி) தலைமையில் அனுப்பப்பட்டது. அப்படையில் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகியோரும் இருந்தனர். இரு படைகளும் சந்தித்ததும், ஒட்டுமொத்தத் தலைமை யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. மூப்பும் சிறப்பும் அபூஉபைதாவின் பக்கமே இருந்தன. ஆயினும் கருத்து வேறுபாடு கொள்ளாதீர்கள் என்று நபியவர்கள் தமக்கு அறிவுறுத்தியிருந்ததை நினைவுகூர்ந்து, அவர் அம்ரின் தலைமைக்குக் கட்டுப்பட்டார். இங்கும் விட்டுக்கொடுத்தவர் மூத்தவரே.

அத்துடன் அப்பிணக்கு முடியவில்லை. கடுங்குளிர் இரவில் நெருப்பு மூட்டக் கூடாதென அம்ர் தடைவிதித்தார். தோழர்களுக்கு அது வருத்தமளித்தது. உமர் (ரலி) சினமுற்றார். போர் அறிவுக்காகவே அம்ர் தலைவராக நியமிக்கப்பட்டிருக்கிறார் என்று கூறி அபூபக்ர் (ரலி) அவரை அமைதிப்படுத்தினார். பயணத்தின் நடுவே ஒழுங்கு குலையவில்லை. ஆனால் திரும்பி வந்த பின் அக்குறை மறைக்கப்படவும் இல்லை. நபி (ஸல்) அவர்களிடம் முறையிடப்பட்டது. அவர்கள் அம்ரை அழைத்துக் காரணம் கேட்டார்கள். நெருப்பின் வெளிச்சத்தில் தம் படையின் சிறுமையை எதிரி அறிந்துகொள்வான் என அஞ்சியதாக அம்ர் விளக்கினார். விளக்கம் ஏற்கப்பட்டது. களத்தில் கட்டுப்பாடு, களம் முடிந்ததும் விசாரணை என்ற இவ்வொழுங்கில் முதற்பகுதியை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம். அமீருக்குக் கட்டுப்படு என்று சொல்லத் தெரிந்த நமக்கு, அமீரை அழைத்துக் காரணம் கேட்கும் இடம் எது என்று சொல்லத் தெரியவில்லை.

உஹதை எடுத்துக்கொள்வோம். மலைக்கணவாயில் நிறுத்தப்பட்ட 50 வில்லாளர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது; பெரும்பாலோர் கட்டளையை மீறி இறங்கிச் சென்றனர். அதன் விலையை முழு அணியும் கொடுத்தது, நபியவர்களே காயமுற்றார்கள். ஒரு தொண்டுக் குழுவில் இதில் நூறில் ஒரு பங்கு பிழை நேர்ந்தால், அந்த இளைஞர்களுக்கு மீண்டும் பொறுப்பு அளிப்போமா? ஆனால் அதன் பின் இறங்கிய வசனம் (3:159), அவர்களை மன்னிக்கவும், அவர்களுக்காகப் பாவமன்னிப்புக் கோரவும், காரியங்களில் அவர்களுடன் கலந்தாலோசிக்கவும் நபியவர்களைப் பணித்தது. தவறிழைத்தவர்களை மஷூராவிலிருந்து நீக்கும்படி கூறவில்லை. மஷூராவுக்குள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளும்படி கூறியது. கடுகடுப்பும் வன்நெஞ்சும் இருந்திருந்தால் மக்கள் சுற்றிலுமிருந்து கலைந்து போயிருப்பார்கள் என்றும் அதே வசனம் எச்சரிக்கிறது. நம் குழுக்களிலிருந்து சொல்லாமல் கலைந்து போனவர்களை எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது.

சேவை என்ற சொல்லின் நிழலில்

சேவை என்ற சொல்லுக்கு ஒளியும் உண்டு, நிழலும் உண்டு. அந்நிழலில் அநீதிகள் மறைந்துகொள்வது நம் சமுதாயத்துக்கு மட்டும் உரிய குறையன்று.

உலகெங்கும் மனித உரிமைக்காகக் குரல்கொடுக்கும் ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பின் பாரிஸ் அலுவலகத்தில், நெடுங்காலம் பணியாற்றிய ஆய்வாளர் ஒருவர் 2018 மே மாதம் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பின் அமர்த்தப்பட்ட தனிக்குழு, 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியான தன் அறிக்கையில், அவ்வமைப்பின் பணிச்சூழல் நஞ்சேறியிருப்பதாகக் கூறியது. மேலாளர்கள் ஊழியர்களைப் பலர் முன்னிலையில் இழிவுபடுத்தியதும், நிர்வாகமும் ஊழியரும் இரு முகாம்களாகப் பிரிந்திருந்ததும் அதில் பதிவாயின. பிறர் துன்பத்துக்காகப் போராடும் உயர்ந்த நோக்கம், தம் கூரையின் கீழ் நடக்கும் துன்பத்தைக் காணத் தானாகவே கண்களைத் தந்துவிடுவதில்லை.

நம் வீட்டுக்கு அருகில் உள்ள சான்று பள்ளிவாசல் இமாம்களின் ஊதியம். இமாமத் என்பது மார்க்க சேவை, எனவே இமாம்கள் ஊழியர்கள் அல்லர், ஊதியம் வழங்கும் கடமை தங்களுக்கு இல்லை என்ற வாதம் வக்ஃபு வாரியங்களின் தரப்பில் உச்சநீதிமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. 1993 மே மாதம் உச்சநீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்து, வக்ஃபு பள்ளிவாசல்களின் இமாம்களுக்கு ஊதியம் வழங்கத் திட்டம் வகுக்குமாறு ஆணையிட்டது. உழைத்தவனின் வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று கற்பித்த நபியின் உம்மத்துக்கு, இதை ஒரு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

அமரர் ஊர்தியின் ஓட்டுநர், பைத்துல்மால் கணக்கர், மதரஸா சமையலாளர், முஅத்தின் ஆகியோரும் இவ்வாறே சேவைக்கும் வேலைக்கும் நடுவே நிற்கிறார்கள். விடுப்பு கேட்டால் சேவை. சம்பள உயர்வு கேட்டால் சேவை. தாமதமாக வந்தால் மட்டும் வேலை. சட்டத்தின் வாசலும் அவர்களுக்கு அகலமாக இல்லை. பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் 1978ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அறநிறுவனங்கள் பலவற்றையும் தொழில் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. ஆனால் 2020ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்ட தொழிலுறவுச் சட்டத் தொகுப்போ, முழுமையாகவோ பெரும்பாலுமோ அறப்பணியிலும் சமூகப்பணியிலும் ஈடுபடும் அமைப்புகளின் நிறுவனங்களை அவ்வரையறையிலிருந்து விலக்குகிறது. சட்டத்தின் வாசல் குறுகும்போது, அமானத்தைச் சுமந்திருக்கும் நிர்வாகிகளின் பொறுப்பு மேலும் கனக்கிறது.

முறையீடு புறம்பேசுதலா?

குறை சொல்ல வருபவரை நாம் தடுக்கும் இன்னொரு சுவர், கீபத் என்ற அச்சம். சகோதரனின் குறையைப் பேசாதே என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம். புறம்பேசுதல் பெரும்பாவம் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் தீய சொல்லை வெளிப்படையாகக் கூறுவதை அல்லாஹ் விரும்புவதில்லை எனக் கூறும் வசனமே (4:148), அநீதி இழைக்கப்பட்டவருக்கு விதிவிலக்கு அளிக்கிறது. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் புறம்பேசுதலில் அனுமதிக்கப்பட்ட ஆறு சூழல்களைத் தொகுத்தபோது, அநீதிக்குள்ளானவர் அதைக் களையும் அதிகாரமுடையவரிடம் முறையிடுவதை முதலாவதாக வைத்தார்கள். தம் கணவர் அபூசுஃப்யான் போதிய செலவுக்குத் தருவதில்லை என்று ஹிந்த் (ரலி) நபியவர்களிடம் முறையிட்டபோது, கணவரைக் குறை கூறாதே என்று அவர்கள் அவரைத் தடுக்கவில்லை; வழி கூறினார்கள்.

எனவே வேறுபாடு எளியது. தேநீர்க்கடையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் பேசுவது கீபத். தீர்க்கும் இடத்தில், தீர்க்கும் நோக்கத்துடன் பேசுவது முறையீடு. தீர்க்கும் இடம் என்று ஒன்றை நாம் அமைக்காதபோது, முறையீடாக இருந்திருக்க வேண்டியது கீபத்தாக மாறித் தெருவுக்கு வருகிறது. அந்தப் பாவத்தில் பேசியவருக்கு மட்டும்தான் பங்கு உண்டா என்பதை நிர்வாகிகள் சிந்திக்க வேண்டும்.

இவ்வாறு தேங்கிய மனக்கசப்புகள் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழக முஸ்லிம்கள் அறிவார்கள். ஓர் ஊரில் ஓர் அமைப்பு இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது. ஒவ்வொரு பிளவுக்கும் கொள்கைக் காரணம் சொல்லப்படுகிறது. சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எத்தனையோ ஊர்க்கிளைகளில், கொள்கை என்ற போர்வையை விலக்கினால், கேட்கப்படாத ஒரு சிறு முறையீடுதான் உள்ளே இருக்கும்.

வெள்ளத்துக்கு முன்பே முறை

இதெல்லாம் அலுவலக நடைமுறை. சகோதரத்துவத்துக்குள் விதிமுறைகளைக் கொண்டுவந்தால் பாசம் வறண்டுவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நல்லெண்ணத்தில் பிறந்தது. எனவே அதற்கு விடை கூற வேண்டும்.

நீர் குறைந்த ஆண்டுகளில் நம் படுகையில் முறைப்பாசனம் நடைபெறுகிறது. இத்தனை நாள் இந்த ஆற்றுக்கு, இத்தனை நாள் அந்த ஆற்றுக்கு என முறை வைக்கப்படுகிறது. முறை வைப்பதால் ஊர்களுக்கிடையே உறவு முறிந்துவிடவில்லை. முறை தவறும்போதுதான் மண்வெட்டி உயர்கிறது. தமிழகத்தின் ஏரிப்பாசன ஊர்களில் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்று ஒருவரை ஊரே அமர்த்தும் வழக்கம் இருந்தது. பல ஊர்களில் அவர் அந்த ஆயக்கட்டில் நிலமில்லாதவராக இருந்தார். தம் வயலுக்காக மடையைத் திறந்துவிட்டார் என்று எவரும் சொல்ல முடியாது. உழவர்கள் நன்றாக அறிந்த இவ்வுண்மையைத் தொண்டு செய்வோரும் அறிய வேண்டும்: முறை என்பது அன்புக்கு மாற்றன்று, அன்புக்குக் கரை.

பேரிடர்ப் பணியிலும் இதற்குச் சான்று நம் அருகிலேயே உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தமிழகத்தில் மிகப் பெரும் உயிரிழப்பைச் சந்தித்த மாவட்டம் நாகப்பட்டினம். அங்கே எண்ணற்ற தொண்டு நிறுவனங்கள் ஒரே நேரத்தில் வந்திறங்கின. ஓர் ஊரில் பொருள்கள் குவிய, அடுத்த ஊர் வெறுங்கையுடன் நிற்கும் நிலை உருவானது. அப்போது அம்மாவட்டத்தை நன்கறிந்த ஸ்நேகா என்ற அமைப்பும், தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் முன்வந்து, மாவட்ட நிர்வாகத்துடன் சேர்ந்து தொண்டு நிறுவனங்களின் ஒருங்கிணைப்பு மையத்தை ஏற்படுத்தின. யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்பது ஓரிடத்தில் பதிவாயிற்று. பிணக்குகளைப் பேச ஒரு மேசை கிடைத்தது. அந்த மேசை முன்னரே இருந்திருந்தால் தொடக்க நாள்களின் குழப்பம் எவ்வளவோ குறைந்திருக்கும்.

உலகளாவிய மனிதநேய அமைப்புகளுக்காக 2014ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட அடிப்படை மனிதநேயத் தரநிலையும் இதையே வலியுறுத்துகிறது. உதவி பெறுவோரின் முறையீடுகளை வரவேற்றுத் தீர்க்க வேண்டும் என்பதுடன், பணியாளரும் தன்னார்வலரும் நியாயமாக நடத்தப்பட வேண்டும் என்பதும் அதன் கடப்பாடுகளில் அடங்கும். நமக்கு இது புதிதன்று. பயணத்தில் மூவர் இருந்தால் ஒருவரை அமீராக்கிக்கொள்ளச் சொன்ன மார்க்கம், ஒழுங்கைப் பயணத்துக்கு முன்பே கற்பித்துவிட்டது.

செய்யத்தக்கவை

ஒவ்வொரு ஜமாஅத்தும் தொண்டுக் குழுவும் அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே செய்துகொள்ளத்தக்க சில ஏற்பாடுகளை இங்கே முன்வைக்கிறேன். இவற்றுக்குப் பணம் தேவையில்லை, மனம் போதும்.

முதலாவதாக, பணி தொடங்கும் முன் ஒரு பக்க அளவில் ஓர் உடன்பாடு எழுதப்படட்டும். அமீர் யார், பணம் யார் கையில், எதை அமீர் தனித்து முடிவு செய்யலாம், எதற்கு மஷூரா தேவை என்பன அதில் தெளிவாக இருக்கட்டும். கணக்கை இருவர் பார்ப்பது விதியாகிவிட்டால், ரசீது கேட்பது சந்தேகமாகாது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு குர்ஆன் (2:282) கட்டளையிட்டது, நம்பிக்கையைக் காப்பதற்காகவே.

இரண்டாவதாக, பணி நாள்களில் ஒவ்வோர் இரவும் இஷாவுக்குப் பின் அரைமணி நேரம் அனைவரும் அமரட்டும். வயதில் இளையவர் முதலில் பேசட்டும்; அமீர் இறுதியில் பேசட்டும். மூத்தவர் முதலில் பேசிவிட்டால் இளையவர் வாய் திறப்பதில்லை என்பது நாம் அனைவரும் கண்ட உண்மை.

மூன்றாவதாக, முறையீடுகளைக் கேட்பதற்கென்று நிர்வாகப் பொறுப்பில் இல்லாத இருவரை ஊர் நியமிக்கட்டும். அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாக இருந்தால், பெண் தன்னார்வலர்கள் தயக்கமின்றிப் பேச இயலும். கணவன் மனைவி பிணக்கில் இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அனுப்பச் சொல்லும் வசனம் (4:35), இரு தரப்பும் நம்பும் காதுகள் வேண்டும் என்ற நெறியைக் கற்பிக்கிறது. அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, மற்றவரின் பேச்சையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்று நபியவர்கள் அறிவுறுத்தினார்கள். ஒரு குரல்பதிவைக் கேட்டுவிட்டு ஒருவரைக் குழுவிலிருந்து நீக்கும் நம் பழக்கத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்போமாக.

நான்காவதாக, காலவரம்பு. ஒரு முஸ்லிம் தன் சகோதரனிடம் மூன்று நாள்களுக்கு மேல் பேசாமல் வெறுத்திருப்பது ஆகுமானதன்று. ஆகவே முறையீடு வந்த மூன்று நாள்களுக்குள் இருவரையும் சந்திக்க வைப்பது குழுவின் கடமையாகட்டும். தீர்வு தாமதமாகலாம், சந்திப்பு தாமதமாகக் கூடாது.

ஐந்தாவதாக, தீர்வு காணப்பட்ட பின் அவரை மீண்டும் பணிக்கு அழைக்க வேண்டும். முறையிட்டவரின் பெயர் அடுத்த பட்டியலில் காணாமல் போனால், எஞ்சியோர் அனைவரும் பாடம் கற்றுக்கொள்வார்கள். அது நாம் கற்பிக்க விரும்பும் பாடமன்று.

சமாதானத்துக்கு உட்படாதவை

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட முடியாது; தீர்க்கவும் கூடாது. முஸ்லிம்களுக்கிடையே சமாதானம் ஆகும். ஆனால் ஹராமை ஹலாலாக்கும் சமாதானமோ ஹலாலை ஹராமாக்கும் சமாதானமோ ஆகாது என்பது ஹதீஸின் கருத்து. ஜகாத், ஸதகா பணத்தைக் கையாடல் செய்தது குறித்து இரு சகோதரர்கள் கைகுலுக்கிக்கொள்வதால் அது தீர்ந்துவிடாது. அது ஏழைகளின் உடைமை. நிறுத்திவைக்கப்பட்ட ஊதியமும் அவ்வாறே. முதலில் கொடுத்துவிட்டுப் பின்னர் பேச வேண்டும்.

பெண்களிடம் தகாத முறையில் நடந்துகொள்வதும், குழந்தைகளுக்கு இழைக்கப்படும் தீங்கும் ஊர்ப்பெயர் கெட்டுவிடும் என்ற அச்சத்தால் மூடப்படவே கூடாது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், அறக்கட்டளைகளுக்கும் சங்கங்களுக்கும் பொருந்தும். ஊதியமின்றித் தன்னார்வத்தில் பணிபுரியும் பெண்களையும் அது பாதுகாக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு அமைப்பது கட்டாயம். அதற்குக் குறைவான இடங்களில் உள்ளோர், மாவட்ட அளவில் அமைந்த குழுவை அணுகலாம். நம் அமைப்புகளில் எத்தனையில் இக்குழு இருக்கிறது? நம் வீட்டுப் பெண்களைத் தொண்டுக்கு அழைக்கும் நிர்வாகிகளிடம் ஒவ்வொரு குடும்பமும் கேட்க வேண்டிய கேள்வி இது.

குடும்பங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. பணியிலிருந்து திரும்பிய மகன் முகம் வாடியிருந்தால், உனக்கு ஏன் இந்த வேலை என்று சொல்லி அவனைத் தடுத்துவிடாதீர்கள். பொறுத்துக்கொள் என்றும் வாயை அடைத்துவிடாதீர்கள். நடந்ததை முழுமையாகக் கேளுங்கள். அவன் பக்கம் பிழை இருந்தால் மன்னிப்புக் கேட்க அனுப்புங்கள். அநீதி நேர்ந்திருந்தால் முறையிட வேண்டிய இடத்துக்கு அவனோடு செல்லுங்கள்.

தானத்தைவிட உயர்ந்த தரம்

மனிதர்களின் இரகசியப் பேச்சுகளில் பெரும்பாலானவற்றில் நன்மை இல்லை என்று கூறும் வசனம் (4:114) மூவகைப் பேச்சுக்கு விதிவிலக்கு அளிக்கிறது: தருமத்தை ஏவுதல், நற்செயலை ஏவுதல், மக்களிடையே இணக்கத்தை ஏற்படுத்துதல். நிவாரணக் குழுக்கள் முதலிரண்டையும் திறம்படச் செய்கின்றன. மூன்றாவது, அதே வசனத்தில், அதே வரிசையில் இருந்தும் நம் பட்டியலில் இடம்பெறுவதில்லை. அபுத்தர்தா (ரலி) அறிவிக்கும் ஹதீஸிலோ, நோன்பு, தொழுகை, தருமம் ஆகியவற்றின் தரத்தைவிடச் சிறந்ததாக, பிணங்கியோரை இணக்கப்படுத்துவது கூறப்பட்டுள்ளது. பிணக்கின் கேடு மார்க்கத்தையே மழித்துவிடும் என்ற எச்சரிக்கையும் உடன் வருகிறது.

எனவே பொறுப்பில் இருக்கும் சகோதர சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். மடை உங்கள் கையில் இருக்கிறது. ஒதுங்கிப்போன ஒரு தொண்டரின் பெயரை இன்றே நினைவுகூருங்கள். அவர் வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று காத்திராமல், நீங்கள் அவர் வீட்டுக்குச் சென்று ஸலாம் சொல்லுங்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை விளக்கம் கூறாமல் அமர்ந்திருங்கள். வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வருகிறது. அடுத்த புயல் எந்த ஆண்டு வரும் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். அன்று கடைமடையில் நீர் சூழ்ந்த வீட்டில் ஒரு தாய் உதவிக்குக் காத்திருக்கும்போது, நாம் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் நிலையில் இருக்க வேண்டும்.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களை இணைத்து, நம் பணிகளை ஏற்று, உரியவருக்கு உரியதைக் கொடுக்கும் நீதியையும், உரிமையிலும் விட்டுக்கொடுக்கும் பெருந்தன்மையையும் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.